கிட்டார் சோலோவில் எதைத் திறமை என்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக், மெட்டல் இசையின் கிட்டார் சோலோக்களை, அதாவது பாடலில் கிட்டார் தனித்து முன்னின்று ஒலிக்கும் பகுதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் இசைப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் கிட்டார் கலைஞர்களை இரண்டு அணிகளாகப் பிரித்திருந்தார். குறைவான சுரங்களை வாசித்து மனத்தைத் தொடுகிறவர்கள் ஓர் அணி; அதிவேகமாக வாசித்து வியக்க வைத்தாலும் மனத்தில் எதையும் தங்க விடாதவர்கள் இன்னோர் அணி. கடிதம் எழுதிய வாசகர்களும் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டு, எந்த அணி உயர்ந்தது என்று மட்டுமே வாதாடியிருந்தார்கள். நெடுங்காலமாகக் கிட்டார் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில், அந்தக் கோடே தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இளம் வாசகர்கள் பலர் இந்தப் பகுதியைப் படித்துத்தான் எதைப் பயில்வது, எதை ஒதுக்குவது என்று முடிவு செய்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

‘டெக்னிக்’ என்று சொன்னவுடன் பெரும்பாலானோர் நினைப்பது வேகத்தைத்தான். வேகத்தை எண்ணிவிட முடியும் என்பதே அதற்குக் காரணம். தாளத்தைச் சீராகத் தட்டித் தரும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்து, தட்டுக்கு நான்கு சுரமாக வாசித்தால் நொடிக்கு 8 சுரம் வரும். அதையே 200 தட்டுக்கு உயர்த்தினால் நொடிக்கு 13 சுரத்தைத் தாண்டிவிடும். ஒருவர் மற்றவரைவிட எவ்வளவு வேகமானவர் என்பதை இப்படி எண்ணிலேயே சொல்லிவிட முடிவதால், நாளடைவில் அதுவே திறமையின் அளவுகோலாக நிலைத்துவிட்டது. ஒரு சுரத்தை எவ்வளவு துல்லியமாக இழுத்து நிறுத்துகிறார், நிறுத்திய சுரத்தை எவ்வளவு நேரம் அசையாமல் வைத்திருந்து எந்தக் கணத்தில் அசைக்கத் தொடங்குகிறார், அடுத்த சுரத்துக்கு முன் எவ்வளவு மூச்சு விடுகிறார் என்பவற்றுக்கெல்லாம் அப்படிப்பட்ட எண் எதுவும் இல்லை. ஆகவே அவற்றை எல்லாம் ‘உணர்ச்சி’ என்ற பெயரில் சேர்த்துவிட்டு, அவை பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பவை என்பதுபோல் பேசுகிறோம். அவையும் விரல்களால் செய்யப்படுபவைதாம், பயிற்சியால் வருபவைதாம். என் அனுபவத்தில் வேகத்தைவிட மிகத் தாமதமாகவே அவை கைகூடுகின்றன.

ஒரே ஓர் அசைவை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். கிட்டாரின் இரண்டாம் தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர்) அழுத்தி மீட்டினால் 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஏ சுரம் ஒலிக்கும். விரலை அங்கிருந்து நகர்த்தாமல் தந்தியை மட்டும் பக்கவாட்டில் தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே உள்ள பி சுரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 494 ஹெர்ட்ஸுக்கு உயர்த்த வேண்டும். ராக் சோலோக்களில் மிகச் சாதாரணமாக வருவது இது. பியானோவில் அந்தச் சுரத்துக்கென்று ஒரு கட்டை இருக்கிறது. யார் அழுத்தினாலும் அது சுருதி பிசகாமல் ஒலிக்கும். இழுக்கப்படும் தந்திக்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். மோதிர விரல் தந்தியைத் தள்ள, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னாலிருந்து அதைத் தாங்க, கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பற்றிக்கொள்ள, விசை முழுவதும் மணிக்கட்டின் சுழற்சியிலிருந்து வருகிறது. இம்மியளவு குறைந்தால் சுரம் சோர்ந்து விழுகிறது. இம்மியளவு கூடினால் கீச்சென்று சுருதி விலகுகிறது. சரியான இடத்தை எட்டிய பிறகு வைப்ரேட்டோ, அதாவது சுரத்தில் சீரான நடுக்கம், கொடுக்க வேண்டுமென்றால், இழுத்த தந்தியைச் சிறிதே தளர்த்தி, மறுபடி அதே உச்சிக்கு, ஒவ்வொரு முறையும் அதே அளவில், தாளத்தோடு பொருந்தும் சீரில் கொண்டுவர வேண்டும். மேலே ஏறும் வேகமும் முக்கியம்: சட்டென்று ஏறினால் அலறல்போல் ஒலிக்கும் அதே இரண்டு சுரங்கள், மெல்ல ஏறினால் முனகலாக ஒலிக்கும். என்னிடம் கற்க வருகிறவர்களில் நொடிக்குப் பத்து சுரம் பிசிறில்லாமல் வாசிக்கக்கூடிய இளைஞர்களே இந்த ஒரே சுரத்தில் தடுமாறி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த வைப்ரேட்டோ ராக் இசைக்கு வந்து சேர்ந்த வழியே இதற்குச் சான்று. ப்ளூஸ் மேதை பி. பி. கிங், தம் உறவினரான புக்கா ஒயிட் தந்திகள்மீது உருளையைச் சறுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரின் ஒலியில் மயங்கி, அந்த முறை தமக்குக் கைவராததால், வெறும் விரலை நடுங்க வைத்து அதே ஒலியைப் பெற முயன்றார். அந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான், ஒரே சுரத்திலேயே அவரை அடையாளம் காட்டிவிடும் அந்த நடுக்கம். கைத்தொழில் சார்ந்த ஒரு சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வைத்தான் பின்னால் வந்த நாம் ‘ஆன்மா’ என்று அழைக்கிறோம்.

கட்டுரையாளர் முதல் அணியின் தலைவராக நிறுத்தியிருந்த டேவிட் கில்மருக்கு வருகிறேன். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 1979-ஆம் ஆண்டு ஆல்பமான ‘தி வால்’-இல் இடம்பெற்ற ‘கம்ஃபர்ட்டபிளி நம்ப்’ பாடலின் இறுதி சோலோ, கணத்தின் உந்துதலில் ஒரே மூச்சில் நெஞ்சிலிருந்து கொட்டியது என்று கட்டுரை சொல்கிறது. கில்மர் தாமே நேர்காணலில் விளக்கியிருப்பது வேறு. ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டு, எந்தெந்த இடங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன என்று தாளில் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதிகளை ஒன்றோடொன்று கோத்து அந்த சோலோவை அவர் உருவாக்கினார். அதாவது, முதலில் வாசித்தவரும் அவரே; பிறகு கத்தரிக்கோலோடு உட்கார்ந்து தம் வாசிப்பைத் தாமே திருத்திய பதிப்பாசிரியரும் அவரே. அதனால் அந்த சோலோவின் துயரம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. பி மைனரில் அது மெல்ல மெல்ல மேலேறிச் செல்லும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. ஆனால் அந்தச் சிலிர்ப்பைத் தருவது, எந்தச் சுரத்தை வைத்துக்கொள்வது, எதை வெட்டியெறிவது என்று அவர் பொறுமையாகச் செய்த தேர்வு. அதைத் தொழில்நுட்பத் திறன் இல்லை என்று சொல்வது அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ராண்டி ரோட்ஸ். ஓஸி ஆஸ்பர்னின் 1980-ஆம் ஆண்டு ஆல்பமான ‘பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்’-இல் ‘கிரேஸி ட்ரெய்ன்’ பாடலின் சோலோவைக் கவனித்துக் கேட்டால், கிட்டாரின் ஒலி வழக்கத்தைவிடத் தடித்து, இலேசாகப் பளபளப்பதுபோல் தெரியும். ஒரே சோலோவை அவர் முதலிலிருந்து கடைசிவரை மீண்டும் வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்ததால் கிடைத்த ஒலி அது. இந்த முறையில் சுரங்கள் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. தந்தியை இழுக்கும் வேகம், வைப்ரேட்டோவின் அகலம், ஒவ்வொரு சுரமும் முடியும் இடம் எல்லாமே பொருந்தியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் சண்டையிடுவதுபோல் கேட்கும். உணர்ச்சி என்பது திட்டமிடாமல் பொங்கி வருவது மட்டும்தான் என்றால், அதை அச்சுப் பிசகாமல் மறுபடியும் எப்படிக் கொண்டுவர முடியும்? கொண்டுவந்தார், கேட்கிறவருக்கு அது இன்றும் பொங்கி வருவதாகவே ஒலிக்கிறது. உலகம் சுற்றும் இசைப்பயணங்களின் நடுவிலும், போகும் ஊர்களில் செவ்வியல் கிட்டார் ஆசிரியர்களைத் தேடிப்பிடித்துப் பாடம் கேட்டவர் அவர். 1982 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25.

மெட்டல் இசைக்கென்றே உள்ள ஒரு சூழலையும் கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வயலின் கலைஞரோ பாடகரோ உணர்ச்சியைக் காட்ட முதலில் நாடுவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை. மெட்டல் கிட்டாருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மிகுதியாக வைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் ஒலியலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. மென்மையாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் வெளியே வரும் சத்தம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். போதாக்குறைக்கு, தொடாத தந்திகளின் சிறு அதிர்வும், விரல் உராயும் ஓசையும்கூடப் பெருக்கப்பட்டு வெளியே வந்துவிடும். ஆகவே ஒரே ஒரு சுரத்தைத் தூய்மையாக நீளவிட வேண்டுமானால், மற்ற ஐந்து தந்திகளையும் இடக்கையின் ஆள்காட்டி விரல் நுனியாலும் வலக்கையின் உள்ளங்கை விளிம்பாலும் அந்த நேரம் முழுவதும் அடக்கி வைத்திருக்க வேண்டும். கேட்கிறவருக்கு ஒரு விரல் அசைவதாகத் தோன்றும்போது, உண்மையில் இரண்டு கைகளும் முழு வேலையில் இருக்கின்றன. சத்தத்தின் ஏற்ற இறக்கம் பறிபோன பிறகு எஞ்சுபவை தந்தியை இழுப்பது, வைப்ரேட்டோ, பிக்கை ஒட்டிக் கட்டைவிரலையும் உரசவிட்டு எழுப்பும் கீச்சொலி, கிட்டாரின் ஒலியளவுத் திருகை நடுவில் குறைத்துக் கூட்டுவது, சுரத்தைத் தாளத்துக்கு இம்மியளவு முந்தியோ பிந்தியோ வைப்பது போன்றவையே. மெட்டலில் உணர்ச்சி இருக்கிறது என்றால் அது இவற்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வேறு வாசல் இல்லை.

இப்போது இரண்டாம் அணிக்கு வருகிறேன். கட்டுரையாளர் அதற்குத் தலைமை தாங்கவைத்த இங்வி மால்ம்ஸ்டீன், 1984-இல் வெளிவந்த ‘ரைஸிங் ஃபோர்ஸ்’ ஆல்பத்தின் மூலம், பகானினியின் வயலின் இசையிலும் பாக்கின் இசையிலும் இருந்த வேகத் தொடர்களையும் ஹார்மானிக் மைனர் என்ற சுர வரிசையையும் மின்கிட்டாருக்குள் கொண்டுவந்தவர். அவரைப் பின்பற்றி வந்தவர்களில் பலர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அந்தப் பழியை அவர்மேலேயே சுமத்துவதுதான் எனக்கு உடன்பாடில்லை. அதே ஆல்பத்தின் முதல் இசைக்கோலமான ‘பிளாக் ஸ்டார்’-ஐக் கேளுங்கள். மெட்டு நிதானமாக நடக்கும் இடங்களில் ஒவ்வொரு நீண்ட சுரத்தின் முடிவிலும் அவர் கொடுக்கும் அகன்ற, அவசரமற்ற வைப்ரேட்டோ, ராக் கிட்டாரில் நான் கேட்டவற்றிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று. ஃப்ரெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கழுத்தை அவர் பயன்படுத்துகிறார். விரல் மரத்தில் உராயாமல் தந்தியை மட்டுமே பிடிப்பதால் இழுப்பதும் அசைப்பதும் எளிதாகிறது. ஆனால் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும் அபாயமும் அதிலேயே இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சுரங்களை எண்ணுகிறார்கள். இந்த வைப்ரேட்டோவைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

வேகத்துக்கே உரிய உணர்ச்சி ஒன்று இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று சுரங்கள் என்ற எல்லையை நெருங்கும்போது காது தனித்தனிச் சுரங்களைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, மொத்தமாக ஒரு வீச்சை, ஓர் எழுச்சியை அல்லது சரிவைத்தான் கேட்கிறது. எட்டி வான் ஹேலன் 1978-இல் தம் குழுவின் முதல் ஆல்பத்தில் வெளியிட்ட ‘இரப்ஷன்’ 1 நிமிடம் 42 நொடிதான் நீள்கிறது. அதன் கடைசிப் பகுதியில் வலக்கை விரலாலும் ஃப்ரெட்டுகளைத் தட்டி அவர் எழுப்பும் சுரக்கோவைகளைக் கேட்டு அழுதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டவர்கள் ஏராளம். களிப்பு உணர்ச்சியில்லையா? கட்டுரை நெடுகிலும் ‘உணர்ச்சி’ என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் துயரத்தையே குறித்திருக்கிறார்கள். மெதுவான சோலோ நம்மைத் துயரத்துக்கு அழைத்துச் செல்வது எளிது என்பதால், மெதுவாக வாசிப்பதே உணர்ச்சி என்று ஆகிவிட்டது. அச்சம், வெறி, சினம், பெருமிதம் ஆகியவையும் மெட்டல் இசையின் இயல்பான உணர்ச்சிகள். ஸ்லேயர் குழுவின் 1986-ஆம் ஆண்டு ஆல்பமான ‘ரெயின் இன் பிளட்’ மொத்தம் 29 நிமிடம்; அதில் கெர்ரி கிங்கும் ஜெஃப் ஹன்னமனும் வாசிக்கும் சோலோக்கள் எந்தச் சுர வரிசைக்குள்ளும் அடங்காமல், தந்திகளின் இறுக்கத்தை மாற்றும் ட்ரெமலோ கம்பியை முறுக்கி எழுப்பிய ஓலங்களாகவே இருக்கின்றன. இசைப்பள்ளித் தேர்வில் வைத்தால் அவற்றுக்கு மதிப்பெண் கிடைப்பது கடினம். அந்த ஆல்பத்தின் பாடல்கள் பேசுகிற கொடூரத்துக்கு நடுவே, மெட்டு இனிமையான, ஒழுங்கான ஒரு சோலோ வந்திருந்தால் அதுதான் பொய்யாகப் போயிருக்கும்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒரு பகுதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். வெறுமையான சோலோக்கள் உண்டு; 1980-களின் பிற்பாதியில் அவை நிறையவே வந்தன. ஆனால் அவை வெறுமையாகப் போனதற்குக் காரணம் வேகம் இல்லை. எல்லாச் சுரங்களும் ஒரே அழுத்தத்தில் வருவது, பின்னணியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறுவதைக் கேளாமல் மனப்பாடம் செய்த தொடரையே ஓட்டுவது, எங்கும் நிற்காதது, எதையும் எதிர்பார்க்க வைக்காதது ஆகியவைதான் காரணம். இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். லெட் ஸெப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ 1971-இல் வந்தது. அதன் சோலோவுக்கு அடியில் ஏ மைனர், ஜி, எஃப் என்ற மூன்று கார்டுகள் சுழல்கின்றன. ஜிம்மி பேஜ் வாசிப்பது பெரும்பாலும் ஏ மைனர் பெண்டாடோனிக்கின் ஐந்து சுரங்கள்; கற்றுக்கொள்ளத் தொடங்கிய சில மாதங்களிலேயே எவருக்கும் பழகிவிடும் சுர வரிசை அது. ஆனால் எஃப் கார்டு வந்து சேரும் இடத்தில், அந்த ஐந்தில் இல்லாத எஃப் சுரத்தையே தொட்டு நிற்கிறார். அந்த ஒரு சுரத்தால்தான் சோலோ பின்னணியின்மேல் ஒட்டவைத்ததாகத் தோன்றாமல் அதிலிருந்தே முளைத்ததாகத் தோன்றுகிறது. விரலுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. கேட்கும் காதுக்கும் தேர்வு செய்யும் மனத்துக்கும்தான் வேலை. மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ (1990) ஆல்பத்தில் ‘டொர்னேடோ ஆஃப் சோல்ஸ்’ பாடலுக்கு மார்ட்டி ஃப்ரீட்மன் வாசித்த சோலோ இதைவிடப் பன்மடங்கு வேகமானது. ஆனாலும் அவரும் கார்டுகளின் போக்கை விட்டு விலகுவதே இல்லை. போய்ச் சேர வேண்டிய சுரத்தை அவர் பெரும்பாலும் நேராகத் தொடுவதில்லை; கீழேயுள்ள சுரத்திலிருந்து இழுத்து, சற்றுத் தயங்கி, பிறகுதான் அடைகிறார். அந்தத் தயக்கத்தால் அவ்வளவு வேகத்திலும் ஒரு மனிதக் குரல் கேட்கிறது.

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும், அதுவும் நியாயமானதே. பெரிய கைத்திறன் எதுவும் இல்லாமலே நெஞ்சைத் தொட்ட சோலோக்கள் இல்லையா? உண்டு. நீல் யங் 1969-இல் ‘சின்னமன் கேர்ள்’ பாடலுக்கு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டி ஒரு சோலோ வாசித்தார். நிர்வானாவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ (1991) பாடலில் கர்ட் கொபெய்ன், தாம் பாடிய மெட்டையே கிட்டாரில் திரும்ப வாசித்ததோடு நிறுத்திக்கொண்டார். இரண்டும் அந்தந்தப் பாடலுக்கு மிகப் பொருத்தமானவை. அங்கே வேறு எதை வைத்தாலும் பாடல் கெடும். அவர்களிடம் இருந்ததும் ஒரு திறமையே: பாடலுக்கு எது போதும் என்று அறிவது. அதற்காக எல்லோரும் ஒரே சுரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதைப் பொது விதியாக்கினால், கில்மருக்கும் அங்கே இடம் இருக்காது. சோலோவே வேண்டாம் என்ற முடிவையும் ஒரு பெருங்குழு எடுத்துப் பார்த்தது: மெட்டாலிகாவின் 2003-ஆம் ஆண்டு ஆல்பமான ‘செயின்ட் ஆங்கர்’-இல் ஒரு கிட்டார் சோலோகூட இல்லை. அடுத்து 2008-இல் வந்த ஆல்பத்தில் சோலோக்கள் திரும்பிவிட்டன. அவற்றைக் கேட்ட ரசிகர்களின் மகிழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உணர்ச்சியின் உச்சம் என்று நான் கருதுவது ஃபங்கடெலிக் குழுவின் 1971-ஆம் ஆண்டு ஆல்பத்தின் தலைப்புப் பாடலான ‘மேகட் பிரெய்ன்’. தாய் இறந்துவிட்ட செய்தியைக் கேட்டதுபோல் வாசிக்கும்படி குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் சொன்னதாகவும், எட்டி ஹேஸல் என்ற அந்த இளைஞர் ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் அந்த சோலோவை அப்படியே வாசித்ததாகவும் சொல்லப்படுகிறது. இந்தச் செய்தியைப் பலரும், திறமை தேவையில்லை, துக்கம் இருந்தால் போதும் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அந்தப் பதிவை வேறு விதமாகக் கேட்கிறேன். தாயை இழந்தவர்கள் உலகில் எத்தனையோ கோடிப் பேர். அந்தத் துக்கத்தை ஒரு கிட்டாரில் பத்து நிமிடம் தொய்வில்லாமல் எடுத்துச் செல்ல ஹேஸலின் கைகளால் முடிந்தது. வா-வா பெடலைக் காலால் மெல்லத் திறந்து மூடி ஒரே சுரத்தின் ஒலியை அழுகையாக மாற்றுகிறார். உரத்த பகுதிக்குப் பிறகு எப்போது அடங்குவது என்பதை அறிந்து அடங்குகிறார். கிளின்டனும் தம் பங்குக்குக் கலவையில் மற்ற வாத்தியங்களின் ஒலியைக் குறைத்து, கிட்டாருக்கு வெற்றிடத்தை ஏற்படுத்தித் தந்தார். அதுவும் ஒரு தொழில்நுட்ப முடிவு.

மெதுவானது எளிது என்று இன்னும் நினைப்பவர்கள் ஜெஃப் பெக்கின் ‘வேர் வேர் யூ’ என்ற இசைக்கோலத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். 1989-இல் வெளிவந்த அதில் வேகமாக எதுவும் இல்லை. தந்தியை அழுத்தாமல் இலேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக் சுரங்களை, ட்ரெமலோ கம்பியை மட்டும் ஏற்றி இறக்கி வெவ்வேறு சுருதிகளுக்கு நகர்த்தி, ஒரு முழு மெட்டையே அமைக்கிறார். கம்பியில் ஃப்ரெட் இல்லை, குறி இல்லை, நிறுத்தம் இல்லை. உள்ளங்கையின் அழுத்தம் சிறிது மாறினாலும் மெட்டு குலைந்துவிடும். வேகத்துக்குப் பெயர்பெற்ற கலைஞர்கள் பலர் இதை வாசிக்கத் துணிவதில்லை.

ஜேசன் பெக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்ட்டி ஃப்ரீட்மனோடு சேர்ந்து ககாஃபனி குழுவிலும், 1988-இல் ‘பெர்பெச்சுவல் பர்ன்’ என்ற தனி ஆல்பத்திலும், அந்தக் காலத்தின் அதிவேகக் கலைஞர்களில் ஒருவராகத் திகழ்ந்தவர். இருபதாவது வயதில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. படிப்படியாகக் கைகளும் கால்களும் பேச்சும் நின்றுபோயின. தந்தை உருவாக்கித் தந்த கண்ணசைவு முறையின் மூலம் எழுத்து எழுத்தாகவும் சுரம் சுரமாகவும் சொல்லி அவர் தொடர்ந்து இசையமைத்து வருகிறார். 2018-இல் வந்த அவருடைய ‘ட்ரையம்ஃபன்ட் ஹார்ட்ஸ்’ ஆல்பத்தில் ஜோ சட்ரியானி, ஸ்டீவ் வாய், மார்ட்டி ஃப்ரீட்மன் உள்ளிட்ட கலைஞர்கள் அவருக்காக வாசித்தார்கள். ‘வேகக்காரர்’ என்று கட்டுரையாளர் ஒரே சொல்லில் ஒதுக்கிய பட்டியலில் பெக்கரின் பெயரும் இருந்ததைப் பார்த்து உண்மையிலேயே வருந்தினேன். வேகமாக ஓடிய விரல்களுக்குப் பின்னால் சொல்வதற்கு எவ்வளவு இருந்தது என்பதை, அந்த விரல்கள் நின்ற பிறகும் அவர் இத்தனை ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இசை நம் காதுக்கு வந்து சேர, தந்தியைத் துல்லியமாக இழுக்கத் தெரிந்த வேறு சிலரின் கைகள் தேவைப்பட்டன என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இந்த அணிப் பிரிவினை கற்கிறவர்களை எப்படிப் பாதிக்கிறது என்பதை நான் நேரில் பார்ப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ‘உணர்ச்சிதான் முக்கியம்’ என்று படித்துவிட்டு வரும் மாணவர் சுருதி சேராமல் தந்தியை இழுத்துவிட்டு, திருத்தினால், தாம் மனத்திலிருந்து வாசிப்பதாகச் சொல்கிறார். மனத்தில் இருப்பது என்னவோ உண்மைதான். அது கிட்டாரிலிருந்து வெளியே வரவில்லை. இன்னொரு மாணவர் மெட்ரோநோமின் எண்ணை வாரந்தோறும் ஏற்றிக்கொண்டே போகிறார்; அவரிடம் நான்கே சுரங்களைக் கொடுத்து, ஒரு கேள்வி கேட்பதுபோல் வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. இருவருக்கும் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே. தங்களுக்குப் பிடித்த பாடகரின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த எழுத்தை நீட்டுகிறார், எதை விழுங்குகிறார் என்பது உட்பட அப்படியே கிட்டாரில் கொண்டுவர வேண்டும். பிறகு அதைப் பதிவு செய்து பாடகரின் குரலோடு சேர்த்துக் கேட்க வேண்டும். வேகக்காரர், உணர்ச்சிக்காரர் இருவருமே முதல் முறை கேட்கும்போது ஒரே மாதிரி முகம் சுளிக்கிறார்கள். சில வாரங்களில் இருவரின் வாசிப்பும் வேறாகிவிடுகிறது.

ஆகவே தங்கள் இசைப் பகுதியின் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கிட்டார் சோலோக்களைப் பற்றி அடுத்து எழுதும்போது, ‘ஆன்மா உள்ளது’, ‘ஆன்மா அற்றது’ என்று தீர்ப்பளிப்பதோடு நிறுத்தாமல், எந்த நொடியில் எந்தச் சுரம் இழுக்கப்படுகிறது, அது கார்டோடு எப்படிச் சேர்கிறது அல்லது முரண்படுகிறது, வைப்ரேட்டோ எப்போது தொடங்குகிறது, எங்கே வாசிக்காமல் விடப்பட்டிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி எழுதச் செய்யுங்கள். வாசகர் அந்த இடத்துக்கே போய்க் கேட்டுப் பார்த்து, தம் முடிவைத் தாமே எடுத்துக்கொள்ள முடியும். ஒரு தொடராகவே இதைச் செய்யலாம். ஒரு வாரம் ‘பிளாக் ஸ்டார்’, மறுவாரம் ‘கம்ஃபர்ட்டபிளி நம்ப்’ என்று அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் ஒரே கேள்விகளைக் கொண்டு ஆராய்ந்தால் இரண்டு தரப்பு ரசிகர்களும் ஆவலோடு படிப்பார்கள் என்பது உறுதி.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஒரு கிட்டார் ஆசிரியன்